வாசகர் கேள்வி: சோமாலியாவுக்குள் அண்டை நாட்டுப் படைகள்

கேள்வி: அண்டை நாடு ஒன்று பயங்கரவாதத்தின் பிடியில் சிக்கினால் பக்கத்து நாடு படையனுப்பி உதவுவதுதானே முறை? கென்யாவும் எத்தியோப்பியாவும் இத்தனை ஆண்டுகளாகச் சோமாலியாவில் இருந்தும் அல் ஷபாப் ஏன் ஒழியவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் முறை என்று கருதுவதைத்தான் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2006 டிசம்பரில் கூடாது என்றது. சோமாலியாவின் இடைக்கால அரசைக் காக்க ஆப்பிரிக்க அமைதிப்படை ஒன்றை அனுமதித்த அதன் 1725ஆம் தீர்மானம், சோமாலியாவோடு எல்லையைப் பகிரும் நாடுகள் அந்தப் படையில் சேரலாகாது என்ற ஏற்பாட்டையும் ஆதரித்தது. எத்தியோப்பியா, கென்யா, ஜிபூட்டி ஆகிய மூன்றும் அதன்படி விலக்கப்பட்டன.

இந்த எச்சரிக்கைக்கான காரணம் சோமாலியக் கொடியிலேயே இருக்கிறது. அதிலுள்ள வெள்ளை நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகளைக் குறிக்கின்றன. அவற்றுள் ஒன்று எத்தியோப்பியாவின் ஒகாடன், மற்றொன்று கென்யாவின் வடகிழக்கு. ஒகாடனுக்காக 1977-78இல் சோமாலியாவும் எத்தியோப்பியாவும் பெரும் போரே நடத்தின. ஆகவே சோமாலியா அடியோடு சிதறிக் கிடந்தாலும் ஆபத்து, வலுவான ஒரே நாடாக எழுந்து நின்றாலும் ஆபத்து என்ற இரட்டை அச்சம் எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் உண்டு. அண்டை நாட்டார் செய்யும் உதவியை இந்த அச்சத்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தத் தீர்மானத்தின் மை காய்வதற்குள், அதே மாதத்தில், எத்தியோப்பியா இடைக்கால அரசின் அழைப்பைக் காட்டித் தலைநகர் மொகதிஷுவுக்குள் நுழைந்து, அங்கே ஆறு மாதங்களாக ஆட்சி செலுத்தி வந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்தை விரட்டியது. போர்க்கள வெற்றி சில நாட்களில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒன்றியத்தின் ஓரத்தில் இருந்த அல் ஷபாப் என்ற இளைஞர் பிரிவு, அந்நியப் படையை எதிர்ப்போர் என்ற பெயரால் ஆள்சேர்த்து, இரண்டே ஆண்டுகளில் தெற்குச் சோமாலியாவின் முதன்மைச் சக்தியாக வளர்ந்தது. 2009 ஜனவரியில் எத்தியோப்பியப் படை வெளியேறிய அதே மாதத்தில், ஜிபூட்டிப் பேச்சுவார்த்தையின் பயனாக, விரட்டப்பட்ட ஒன்றியத்தின் தலைவரான ஷேக் ஷரீப் அகமதுவே சோமாலியாவின் அதிபரானார். இந்த உடன்பாட்டுக்கு 2006லேயே வந்திருக்க முடியாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லையைப் பகிராத உகாண்டாவும் புருண்டியும் 2007 முதல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பேரில் அனுப்பிய படைகள், பெரும் உயிரிழப்புக்கிடையே, மொகதிஷுவில் தெருத்தெருவாக முன்னேறின. 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் தலைநகரைக் கைவிட்டுப் பின்வாங்கியதில் அவற்றின் பங்கு பெரிது. கென்யா தன்போக்கில் உள்ளே நுழைந்தது இதற்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில்தான். 2012இல் அல் ஷபாபின் பிடியிலிருந்த கிஸ்மாயோ துறைமுகம் அதனிடம் வீழ்ந்தது. ஜிபூட்டி 2011 இறுதியிலும், கென்யா 2012இலும், எத்தியோப்பியா 2014இலும் ஆப்பிரிக்க ஒன்றியப் படையில் இணைந்தபோது பழைய விலக்கு சத்தமின்றி மறைந்தது.

கென்யாவின் நோக்கம், தன் எல்லைக்கும் அல் ஷபாபுக்கும் இடையே ஒரு தடுப்பு நிலத்தை உண்டாக்குவது. கென்ய எல்லையை ஒட்டிய சோமாலிய மாநிலமான ஜூபாலாந்தின் தலைவர் அகமது மதோபேயை அது ஆதரிப்பது அதற்காகவே. ஆயினும் தடுப்பு நிலம் கென்யாவைக் காத்துவிடவில்லை. 2013இல் நைரோபியின் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேரும், 2015 ஏப்ரலில் கரிசா பல்கலைக்கழகத்தில் 148 பேரும் கொல்லப்பட்டனர். அல் ஷபாபுக்கு வருவாய் தந்துவந்த மரக்கரியைக் கிஸ்மாயோவிலிருந்து ஏற்றுமதி செய்வதை ஐ.நா. 2012இல் தடைசெய்திருந்தும், கென்யப் படை நகரைப் பிடித்த பின்னரும் அது தொடர்ந்ததாக ஐ.நா. கண்காணிப்புக் குழுவே பதிவு செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜூபாலாந்து வலுப்பெறும் அளவுக்கு மொகதிஷுவின் அதிகாரம் அங்கே தேய்ந்தது. 2024 டிசம்பரில் ஜூபாலாந்தின் ராஸ் கம்போனியில் மோதிக்கொண்டவை மத்திய அரசின் படையும் ஜூபாலாந்தின் படையுமே. இருவருக்கும் பொது எதிரியான அல் ஷபாபுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அல் ஷபாபின் வேர் வெறும் துப்பாக்கியில் இல்லை. அது வரி வசூலிக்கிறது, வழக்குகளைத் தீர்த்துவைக்கிறது. அயல்நாட்டுப் படை ஊரைப் பிடித்துக் கொடுத்தாலும், மறுநாள் அங்கே நீதிபதியையும் காவலரையும் அமர்த்த வேண்டியது சோமாலிய அரசு. அந்த இரண்டாம் வேலைதான் பெரும்பாலும் நடக்கவில்லை.

கேள்வி: இதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: 1993-94இல் ஐ.நா. படையின் அங்கமாக இந்தியத் தரைப்படையின் ஒரு பிரிகேட் சோமாலியாவில் பணியாற்றியது. கடற்கொள்ளையைத் தடுக்க 2008 முதல் நம் கடற்படை ஏடன் வளைகுடாவில் ரோந்து சுற்றி வருகிறது.

கேள்வி: சோமாலியாவில் உள்ள ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளுக்கான செலவை யார் ஏற்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: நெடுங்காலம் வீரர்களின் மாதப்படியை ஐரோப்பிய ஒன்றியமும், உணவு, எரிபொருள் முதலியவற்றை ஐ.நா.வும் ஏற்றன. 2016இல் ஐரோப்பா தன் பங்கில் ஐந்தில் ஒன்றைக் குறைத்தவுடன் படையனுப்பிய நாடுகள் முணுமுணுக்கத் தொடங்கின. ஆப்பிரிக்க ஒன்றியம் நடத்தும் படைகளுக்கான செலவில் 75 விழுக்காடு வரை, உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குச் செலுத்தும் கட்டாயச் சந்தாவிலிருந்து தரலாம் என்று 2023 டிசம்பரில் 2719ஆம் தீர்மானம் வழிவகுத்தது. ஓராண்டு கழித்து, சோமாலியாவில் 2025 ஜனவரியில் தொடங்கவிருந்த புதிய ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கு அதைப் பொருத்தும் பேச்சு வந்தபோது அமெரிக்கா உடன்படாமல், வாக்கெடுப்பில் ஆதரவும் எதிர்ப்பும் தெரிவிக்காது நின்றது. படைக்கு அனுமதி கிடைத்தது, நிலையான பணம் கிடைக்கவில்லை.

கேள்வி: ஒருபுறம் சச்சரவும் மறுபுறம் ஒத்துழைப்புமாகச் சோமாலியாவும் அதன் அண்டை நாடுகளும் எப்படிக் காலம் தள்ளுகின்றன?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிரமப்பட்டுத்தான். கடல் எல்லை வழக்கில் கென்யாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்த சோமாலியா, 2021 அக்டோபரில் பெருமளவு தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. கென்யா அதை ஏற்க மறுத்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் தூதரக உறவையே முறித்துக்கொண்ட இரு நாடுகளும் கத்தாரின் சமரசத்தால் 2021 மே மாதத்தில் மீண்டும் கைகோத்தன. இத்தனைக்கும் கென்ய வீரர்கள் சோமாலிய மண்ணைவிட்டு நீங்கவில்லை.

எத்தியோப்பியாவுடனான பிணக்கு இன்னும் கூர்மையானது. கடல்வழி தேடும் எத்தியோப்பியா, 2024 ஜனவரி 1 அன்று, சோமாலியா தன் பகுதியென உரிமை கோரும் சோமாலிலாந்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. கொதித்தெழுந்த மொகதிஷு, நைல் அணை விவகாரத்தில் எத்தியோப்பியாவோடு மல்லுக்கு நிற்கும் எகிப்துடன் அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு உடன்பாடு கண்டதோடு, புதிய படையில் எத்தியோப்பியருக்கு இடமில்லை என்றும் அறிவித்தது. பயங்கரவாத எதிர்ப்பின் பேரால் நைல் நதிப் பகையும் சோமாலியாவுக்குள் இறங்கிவிடுமோ என்ற கவலை அப்போது பரவலாக எழுந்தது. டிசம்பர் 11இல் துருக்கியின் முயற்சியால் அங்காராவில் சமரசம் ஏற்பட்டது. எத்தியோப்பியா சோமாலியாவின் இறையாண்மைக்கு மதிப்பளிக்க, சோமாலியா அதன் கடல்வழித் தேவை குறித்துப் பேச முன்வந்தது. அதன்பின் எத்தியோப்பிய வீரர்களுக்குப் புதிய படையிலும் இடம் கிடைத்தது.