களாக்காய்ச் செடி: கேட்டவர்களுக்குப் பதில்

ஆடி பிறந்து காய்கறிக் கடைகளில் களாக்காய் எட்டிப் பார்த்ததும், "இதை வீட்டில் வளர்க்க முடியாதா?" என்று கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

நாலு வருஷமாச்சு. செடி பச்சைப் பசேலென்று இருக்கிறது. தினமும் தண்ணீர், மாதம் ஒருமுறை உரம், வேலி அழகாக இருக்க அடிக்கடி கத்தரியும் போடுகிறோம். காய் மட்டும் இல்லை. (திருவான்மியூர்)

நீங்கள் சொன்ன மூன்று பணிவிடைகளுமே காய்க்குத் தடை. களாவின் பூங்கொத்து பெரும்பாலும் கிளை நுனியில்தான் வரும். அடிக்கடி நுனியைக் கத்தரித்தால் பூ எங்கிருந்து வரும்? வேலி மட்டமாக இருக்க வேண்டுமா, காய் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். காய்தான் வேண்டும் என்றால் வருஷத்துக்கு ஒரே வெட்டு, அதுவும் அறுவடை முடிந்த கையோடு. காய்ந்த குச்சி, உள்ளே பின்னிக்கொண்ட கிளை, இவற்றை எடுத்தால் போதும்.

அடுத்தது தண்ணீர். இது நம் சோழமண்டலக் கரையின் புதர்க்காட்டுச் செடி. இதன் நெருங்கிய உறவான சிறுகளா கிண்டி காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே நிற்கிறது. வேர் பிடித்த செடிக்குத் தினசரித் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் இலையாகத் தள்ளிக்கொண்டே போகும். மார்கழி, தை இரண்டு மாதமும் தண்ணீரை நன்றாகக் குறையுங்கள். மாசி, பங்குனியில் மல்லிகை போல வாசனையோடு வெள்ளைப் பூ வரும். பிஞ்சு பிடித்த பிறகு, குறிப்பாகக் கத்திரி வெயிலில், வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றலாம். உரம் என்றால் மழைக்கு முன் ஒரு கூடை மக்கிய சாணம், அவ்வளவுதான். நிழலில் இருந்தால் இதெல்லாம் வீண். முழு வெயில் வேண்டும்.

எங்கள் தெருவில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். களா தாங்குமா? (வேளச்சேரி)

வறட்சியைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. செம்மண்ணும் மணலும் கலந்து ஒன்றரை அடிக்கு மேடு போட்டு அதன்மேல் வையுங்கள். மற்றவர்களுக்கு ஆடிப்பட்டம் நல்லது, ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். நீங்கள் மட்டும் மழை ஓய்ந்து தையில் நடுங்கள்.

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. பரவாயில்லையா?

கொஞ்சம் என்றால் பரவாயில்லை. தொட்டிச் செடியானால் மட்டும் மண்ணில் உப்பு சேரும். மழைத் தண்ணீர் கிடைக்கும்போது அடி வழியாக வழிந்தோடும்படி ஊற்றிக் கழுவி விடுங்கள்.

மாடியில் வைக்கலாமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. (அம்பத்தூர்)

வைக்கலாம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில். ஆனால் முள்ளைப் பார்த்திருக்கிறீர்களா? இரட்டையாகப் பிரிந்து, ஊசி போல நீளும். குழந்தை ஓடியாடும் மாடிக்கு நான் களாவைச் சொல்ல மாட்டேன். பார்படாஸ் செர்ரி வையுங்கள். அதுவும் எப்போதும் பசுமையாக நிற்கும், முள் கிடையாது, பூத்த ஒரு மாதத்துக்குள் பழம் சிவந்துவிடும், வைட்டமின் சியும் ஏராளம். களா வேலிக்குத்தான் ராஜா: மூன்றடிக்கு ஒன்று வைத்தால் ஆடு நுழையாது, ஆளும் நுழைய மாட்டார்.

குச்சி ஒடித்து நட்டேன், ஒன்றுகூடத் தழைக்கவில்லை.

களா குச்சியில் எளிதில் வேர் விடாது. நன்றாகக் கறுத்த பழத்தின் விதையை எடுத்த உடனே விதையுங்கள். காயவைத்து எடுத்துவைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். விதைச்செடி காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். அவசரமென்றால் மழைக்காலத்தில் விண்பதியன் (கிளையை ஒடிக்காமல், பட்டையைச் சீவிய இடத்தில் ஈரப்பதமான பாசியைக் கட்டி வேர் விடவைப்பது) போடுங்கள்.

விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி புள்ளி. மருந்து என்ன?

மருந்து வேண்டாம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வருமே, அதே புழு. மூன்றும் ஒரே குடும்பச் செடிகள். கையால் எடுத்துப் போடுங்கள். பின்னாளில் அழகான பச்சை அந்துப்பூச்சியாகும் என்பதால் ஓரிரண்டை விட்டுவைத்தாலும் செடி ஒன்றும் பட்டுப்போகாது. வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால்தான் கவனம்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள்.

ஊறுகாய்க்கு நறுக்கினால் கையெல்லாம் பிசின். என்ன செய்வது? (மயிலாப்பூர்)

பலாப்பழத்துக்குச் செய்வதுதான்: கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய். நறுக்கிய காயை உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வடித்தால் பால் போய்விடும். ஊறுகாய்க்குப் பச்சையும் ரோஸுமாக இருக்கும்போதே பறியுங்கள். ஜாமுக்கு முக்கால் பழுத்தது. ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பொருள் தாராளமாக இருப்பதால் தானாக இறுகும். பேக்கரி கேக்கின் உச்சியில் 'செர்ரி' என்று உட்காருகிறதே, அதில் பல சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். செடியிலேயே கறுத்ததை அப்படியே சாப்பிடலாம்.