கதையை நீட்டினால் கோபமில்லை, மணிமேகலையை எடுத்துவிட்டதுதான் வலிக்கிறது

பிடித்த கதையை யாராவது தொடர்ந்து எழுதினாலோ மாற்றிப் படம் எடுத்தாலோ ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள், அது வெறும் கதைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு வந்து நாள்கணக்கில் புலம்பியிருக்க வேண்டும், உங்களுக்கும் சலித்துப் போயிருக்கும். எங்கள் வீட்டிலும் அதேதான், ஆனால் புலம்பியது என் அத்தை. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது.

நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம். அப்போது ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தோம். அத்தை பால்மரம் வெட்டினார், அதிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனால் மதியம்தான் திரும்புவார். என் அப்பா ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கல்கி பத்திரிகையிலிருந்து யாரோ கிழித்துத் தைத்து வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' கட்டுகள் அவர் கைக்கு வந்தன. இரவு சாப்பாடு முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்கள். தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்தும் வரை படிப்பு நடக்கும். எல்லோரும் வந்தியத்தேவனுக்காகக் காத்திருக்க, அத்தை மட்டும் கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலைக்காகக் காத்திருப்பார். ஒருதலையாக நேசித்து, அவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையே தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்த பெண். அத்தைக்கு ஏன் அவளை அவ்வளவு பிடித்தது என்று நான் கேட்டதில்லை.

ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது!'. அதில் வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிறது. அப்பா அதைப் படித்து முடித்ததும் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் சோறு இறங்கவில்லை. அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. இன்னொரு கட்டு கிடைத்தது என்று சொல்லி, வேறு ஏதோ பழைய இதழைக் கையில் பிடித்துக்கொண்டு தானே கட்டிச் சொல்ல ஆரம்பித்தார். மணிமேகலை சாகவில்லை, மூச்சுத்தான் அடங்கியிருந்தது, நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்துப் பிட்சுக்கள் வைத்தியம் பார்த்தார்கள், அப்புறம் வணிகர் கப்பலில் ஏறி, கெடாவின் பழைய பெயரான கடாரத்துக்கு வந்து குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் ஒரு கல்கோயில் பக்கம் வாழ்ந்தாள். அதாவது எங்கள் ஊருக்கு! அந்த விஹாரத்தைக் கட்டியவர்களே கடாரத்து அரசர்கள்தான், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடு இன்றும் இருக்கிறது. ஆகவே அப்பா பாதையைச் சரியாகத்தான் போட்டார். விஹாரம் எழுந்ததே கதைக் காலத்துக்குப் பிறகுதான் என்று சண்டைக்கு வருபவர்கள் முதலில் கல்கியிடம் போங்கள், பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழியை அங்கே தங்கவைத்தவர் அவர். அத்தை அந்த முடிவைக் கேட்டுத் தேறினார். அடுத்துப் பிறந்த மகளுக்கு மணிமேகலை என்றே பெயர் வைத்தார்.

ஆகவே கதையைத் தொடர்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எங்கள் வாசலிலேயே நடந்த காரியம் அது. கல்கியும் 'அப்புறம் என்ன ஆயிற்று' என்று வாசகர்கள் குடைந்ததால் முடிவுரையில் கேள்வி பதிலாகக் கொஞ்சம் சொல்லிவைத்தார். பின்னால் எழுத்தாளர் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். வேண்டியவர்கள் படித்தார்கள், வேண்டாதவர்கள் விட்டார்கள், பழைய கதை இருந்த இடத்திலேயே இருந்தது.

2023 ஏப்ரலில் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது அத்தையைச் சுங்கை பட்டாணிக்குக் கூட்டிப்போனோம். முதல் படத்தில் மணிமேகலை வராததற்கு, அடுத்ததில் வருவாள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கடம்பூர் மாளிகை வந்தது, ஆதித்த கரிகாலன் செத்தும் போனான். "எங்கடா அந்தப் புள்ள?" என்று அத்தை சத்தமாகவே கேட்டார். என் மகன், "அப்படி ஒரு கேரக்டரே இல்ல பாட்டி" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவன் படம் மட்டும் பார்த்தவன். காரில் வரும்போது அத்தை கொஞ்ச தூரம் பேசவே இல்லை, அப்புறம் என்னிடம், "அப்ப ஒங்கப்பன் அவளையே கட்டித்தான் சொன்னானா?" என்றார். கடைசியில் கொஞ்சம் கட்டிச் சொன்னது அவருக்குப் பின்னால் தெரிந்துவிட்டது, அதனால் இப்போது மொத்தப் பெண்ணும் பொய்யோ என்று சந்தேகம். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கட்டுகளும் இல்லை, தோட்டத்தை விற்று எங்களைக் காலி செய்யச் சொன்ன அமளியில் போய்விட்டன. அவர் பக்கம் சாட்சி சொல்ல ஒரு தாள்கூட வீட்டில் இல்லை.

இதுதான் எனக்குச் சுட்டது. மணிரத்னத்தைத் திட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடக்க வேண்டும், எம்.ஜி.ஆர். 1958இல் அறிவித்தும் முடியாமல் போனதை இவர் முடித்துக் காட்டினார், அதற்கு என் கும்பிடு. பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்ற முடிச்சையும் எடுத்துவிட்டார், அதைக்கூட நான் ஒத்துக்கொள்வேன். "புத்தகம் வேறு, சினிமா வேறு" என்று பாடம் எடுக்க வருவீர்கள், தெரியும். புத்தகம் அலமாரியில் இருப்பவர்களுக்கு அது சரி. காதால் கேட்டு மட்டுமே வாங்கியவர்களுக்குத் திரையில் வருவதுதான் இனிமேல் கதை, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அதுதான் கதை. விட்டுப்போனவள் பிறக்காதவளாகவே ஆகிவிடுகிறாள்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. அப்பா மணிமேகலையைக் குடிவைத்த குனோங் ஜெராய் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய சண்டிகள், அதாவது கோயில் அடித்தளங்கள், நிறைய இருக்கின்றன. சுங்கை பத்து பக்கம் பதினோராம் எண் சண்டியை வீடு கட்டும் நிறுவனம் ஒன்று இயந்திரத்தை விட்டு இடித்துப் போட்டது 2013 கடைசியில்தான் வெளியே தெரிந்தது. தனியார் நிலம், பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதியவில்லை என்றார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கல்! படத்தில் ஒரு பாத்திரம் போனதற்கு ஊரே கொதித்தது, இதற்கும் அவ்வளவு பேர் கொதித்திருக்கலாமே என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புலம்புகிறவரிடம் 'வெறும் கதைதானே' என்று மட்டும் சொல்லாதீர்கள், அவருக்கு யார் அந்தக் கதையைச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நான் ஐந்து பாகத்தையும் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்குப் படித்துக் காட்டுகிறேன். கடம்பூரில் மணிமேகலை பெயர் முதலில் வந்த இடத்தை என் மகனைக் கூப்பிட்டு அவன் வாயாலேயே படிக்கச் சொன்னார். கடைசி அத்தியாயம் வரும்போது கல்கி எழுதியதை எழுதியபடியே படிப்பேன். கடாரத்து முடிவு வேண்டும் என்றால் அதை அத்தையே சொல்லட்டும், அது முழுதாக ஞாபகம் இருப்பது அவருக்கு மட்டும்தான்.