ஆப் டாக்ஸி, பைக் டாக்ஸி விபத்து: இழப்பீடு கேட்பது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. திருவனந்தபுரத்தில் இருந்து ஆப் டாக்ஸியில் மார்த்தாண்டம் வரும்போது, பாறசாலை பக்கத்தில் காரும் லாரியும் மோதி, அவருடைய வலது கணுக்கால் உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். டாக்ஸி டிரைவர் லாரி மீது பழி போடுகிறார், லாரிக்காரர் டாக்ஸி மீது போடுகிறார். கேஸுக்கு கேரளாவுக்குத்தான் அலைய வேண்டுமா?
— வாசகி, அருமனை

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, அடிபட்டவர் குடியிருக்கும் ஊருக்கான விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். அதனால் குமரி மாவட்டத்திலேயே வழக்கை நடத்த முடியும். போலீஸ் வழக்கு மட்டும் அங்குள்ள ஸ்டேஷனில் இருக்கும். அங்கே 'ஜி.டி. என்ட்ரி' (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதும் பதிவு) மட்டும் போட்டுக் கொடுத்தால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வண்டி சேதத்துக்கு அது உதவும்; உடல் காயத்துக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். மலையாளத்தில் இருக்கும் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), குற்றப்பத்திரிகை மூன்றையும் மொழிபெயர்த்து மனுவோடு சேர்க்க வேண்டும்.

யார் மீது தப்பு என்ற சண்டையில் உங்கள் கணவர் தலையிட வேண்டியதே இல்லை. இரண்டு வண்டிகள் மீதும் தப்பு இருந்தால், பயணி முழுத் தொகையையும் எந்த ஒரு தரப்பிடம் வேண்டுமானாலும் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் டாக்ஸி, லாரி இரண்டின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். லாரியை மட்டும் சேர்த்து, கடைசியில் தப்பு முழுவதும் டாக்ஸி மீது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், கைக்கு எதுவும் வராது. ஆப் கம்பெனியையும் சேர்க்கலாம். மஞ்சள் போர்டு டாக்ஸியில் கட்டணம் கொடுத்துப் போகும் பயணிக்கு, வண்டியின் கட்டாய இன்சூரன்ஸிலேயே பாதுகாப்பு இருக்கிறது.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். பிளேட் எடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிட்டு, பிறகு வரும் பில்களை விசாரணையில் தாக்கல் செய்யலாம்.

இழப்பீடு எவ்வளவு என்பது ஊனச் சதவீதத்தில்தான் நிற்கிறது. மெடிக்கல் போர்டு காலுக்குத் தரும் சதவீதம் வேறு, அதனால் சம்பாத்தியத்தில் விழும் அடி வேறு. அதிகாலையில் மரத்துக்கு மரம் நடந்து, மேடு பள்ளத்தில் காலை ஊன்றிக் குனிந்து வெட்டுகிறவருக்கு, மடங்காத கணுக்கால் பெரிய இழப்பு. மேஜை வேலை செய்கிறவருக்கு அதே காயம் அந்த அளவு இழப்பு ஆகாது. இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. கணக்கு இப்படி: மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றால், 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழிலாளிக்கு எதிர்கால உயர்வு 40% சேர்ந்து 21,000. வருடத்துக்கு 2,52,000. 38 வயதுக்கான பெருக்கல் எண் 15, ஆக 37,80,000. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 10% என்றால் 3,78,000 ரூபாய். 20% என்றால் 7,56,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் இதற்கு மேல் தனி. எஸ்டேட் கூலிச் சீட்டு, ரப்பர் ஷீட் விற்ற பில், பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவர் செய்யும் வேலையைப் பற்றி, கூட வெட்டும் ஒருவர் சாட்சி சொன்னால் நல்ல பலம்.

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் பைக் டாக்ஸி சரிந்து என் மகனுக்குக் கை முறிந்தது. ஏறும்போதே டிரைவர் ஆப்பில் டிரிப்பை கேன்சல் செய்யச் சொல்லி, பணத்தை ஜி-பேயில் வாங்கியிருக்கிறார். வெள்ளை போர்டு வண்டி. பணம் கிடைக்குமா?
— வாசகர், ஆசாரிபள்ளம்

பதில்: கேன்சல் செய்ததில்தான் சிக்கல். ஆப் கம்பெனி பயணிகளுக்கு எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடு, டிரிப் ஓடிக்கொண்டிருந்தால்தான் கிடைக்கும். முன்பதிவு, கேன்சல் ஆன நேரம், ஜி-பே ரசீது மூன்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆப்பின் உதவிப் பகுதியில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது பைக்கின் பாலிசி. அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும் காலாவதி தேதியும் தெரியும். எந்த வகை என்பதற்கு பாலிசி நகல் வேண்டும், போலீஸ் மூலம் வாங்குங்கள். முழுப் பாலிசி என்றால் பின்னால் இருந்தவரும் அதில் அடக்கம். ஆனால் தனியார் வண்டியை வாடகைக்கு ஓட்டியதாக இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும், அதற்குத் தயாராக இருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (வெளியாருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்) என்றால், தானாகச் சரிந்த தனியார் பைக்கில் பின்னால் இருந்தவருக்கு அதில் பணம் வராது. ஓட்டியவரையும் உரிமையாளரையும்தான் பிடிக்க வேண்டும். வேறு வண்டி இடித்திருந்தால் நிலைமையே மாறிவிடும். இடித்த வண்டியின் இன்சூரன்ஸுக்கு உங்கள் மகன் மூன்றாம் நபர், முழுத் தொகையும் கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை உடனே வாங்கிப் பாருங்கள். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்து 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைப்பார். 'பைக்கில் பின்னால் இருந்து வந்தபோது விபத்து' என்பதும், இடமும், நேரமும், வண்டி எண்ணும் அதில் இருக்க வேண்டும். தவறாக இருந்தால், எஃப்.ஐ.ஆர். வாக்குமூலத்திலேயே காரணத்தைச் சொல்லிப் பதிய வையுங்கள்.

கேள்வி: மெடிக்ளைமில் ஒரிஜினல் பில்லை எல்லாம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் தீர்ப்பாயத்துக்கு என்ன காட்டுவது?
— வாசகர், தக்கலை

பதில்: கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, ஆஸ்பத்திரி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்ளைம் எவ்வளவு கொடுத்தது என்ற கடிதமும் வேண்டும். மெடிக்ளைமை மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) எழுதலாம், கட்டணம் கிடையாது. ஆனால் இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி மீதான விபத்து இழப்பீட்டை அவர் விசாரிக்க மாட்டார், அதற்குத் தீர்ப்பாயம்தான்.