பாதியாய் உடைத்த மாத்திரை

எலும்பு வரை புற்றுநோய் பரவிய உங்கள் தாயார் "என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடு" என்று தினமும் கெஞ்சுவதாகவும், கருணைக்கொலையைச் சட்டம் ஏன் எல்லா இடத்திலும் அனுமதிக்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு பக்கக் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரியும் இருக்கிறது: "வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து பழகிவிடுமோ என்று பயந்து, டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் கொடுக்கிறோம், அதுவும் அவர் வலி தாங்காமல் அலறும்போது மட்டும்."

அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. பெற்றவளுக்குச் சாவைக் கேட்டு எழுதத் துணிந்த உங்களுக்கு, அவர் ஒரு மருந்துக்குப் பழகிவிடுவார் என்பதா பெரிய பயம்? சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும்; அதனால்தான் புற்றுநோய் வலிக்குக் கடிகாரம் பார்த்து, வலி தலைதூக்கும் முன்பே மருந்து கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியது. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து எழுதித் தருவார்கள். அலறும் வரை காத்திருப்பது சிக்கனமும் அல்ல, எச்சரிக்கையும் அல்ல; கொடுமை.

நீங்கள் சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நெதர்லாந்தில் 2002 முதல் நடப்பிலுள்ள சட்டம்கூட, நியாயமான வேறு வழியே இல்லை என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவுக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் அந்த வேறு வழி, மாத்திரை அட்டைக்குள் பாதியாய் உடைந்து கிடக்கிறது. 1997 முதல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடைமுறையில் உள்ள சட்டப்படி, சாவைக் கேட்க வேண்டியவரும் உயிரை முடிக்கும் மருந்தைத் தானே உட்கொள்ள வேண்டியவரும் நோயாளிதான்; அவருக்காகக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை.

பயனற்ற சிகிச்சையை நிறுத்தி இயற்கையாகப் போக விடுவதை நான் எதிர்க்கவில்லை. மருத்துவர் கையால் உயிரை முடிப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் மதிக்கும் பலர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. ஆனால் வலியைத் தீர்க்காமல் வைத்துக்கொண்டு, அந்த வலியில் வரும் சொல்லை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இன்றே மருத்துவரை அழைத்து, இத்தனை நாள் பாதிதான் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அளவை அவரே திருத்தட்டும், நீங்களாகக் கூட்டாதீர்கள். வலித்தணிப்புப் பராமரிப்புக் குழுவுக்கும் அவரிடமே வழி கேளுங்கள். வலி அடங்கி அம்மா நிம்மதியாகத் தூங்கி எழும் ஒரு காலையில், பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.