‘லைக்’ வந்தாலே சிமிலி ஆகிவிடுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. ஆங்கிலப் பாட்டுப் பகுதியில் ‘ஃபிகர் ஆஃப் ஸ்பீச் (அணி) எது’ என்ற கேள்வியில் மட்டும் தொடர்ந்து மதிப்பெண் போகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ பாட்டில் சிமிலி (உவமை) எது, மெட்டஃபர் (உருவகம்) எது என்று குழம்புகிறாள். டியூஷனில் 60 அணிகளுக்கு விளக்கம் என்று ஒரு நோட்ஸ் விற்கிறார்கள். வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். பள்ளித் தேர்வுக்குத் தேவைப்படுபவை சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராகப் பேசுவது), அலிட்டரேஷன் (தொடக்க ஒலி ஒன்றுவது), அனாஃபோரா (தொடக்கச் சொல் திரும்ப வருவது), ஹைப்பர்போலி (மிகைப்படுத்திச் சொல்வது) என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். 60 பெயரை உருப்போட்ட பிள்ளை வரியைப் படிக்காது, பெயரைத்தான் தேடும். அந்த நோட்ஸை விற்பவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தே விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இவர்கள் சொல்லித்தரும் முதல் குறுக்குவழி, ‘லைக், ஆஸ் வந்தால் சிமிலி’ என்பது. ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பதில் லைக் இருக்கிறது, ஒப்புமை எங்கே? ‘ஷி ஒர்க்ஸ் ஆஸ் எ நர்ஸ்’ என்றால் அவள் நர்ஸ் வேலை பார்க்கிறாள், அவ்வளவுதான். ‘ராமு கோபுவைப் போலவே உயரம்’ என்பதும் வெறும் அளவுதான். இரண்டு வேறு வேறு இனத்துப் பொருள்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் குணத்தை மற்றொன்றில் காட்டினால்தான் அது சிமிலி.

அந்தப் பாட்டிலேயே பாருங்கள். பள்ளிக்குப் போக மனமில்லாத சிறுவன் ‘க்ரீப்பிங் லைக் ஸ்னெய்ல்’, நத்தையைப் போல ஊர்ந்து போகிறான். பையன் வேறு, நத்தை வேறு, நடுவில் லைக். சிமிலி. இதோடு நிறுத்தாமல் ஏன் நத்தை என்று மகளிடம் கேளுங்கள். மெதுவாகப் போவதற்குப் புழுவும் போதுமே என்று அவள் சொல்லக்கூடும். முந்தைய வரியில் அவன் பையைச் சுமந்துகொண்டு சிணுங்குகிறான். நத்தையும் முதுகில் வீட்டைச் சுமக்கிறது. தொட்டால் உள்ளே சுருண்டுவிடும். வீட்டை விட்டு வர மனமில்லாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. இப்படி ஒரு வரியில் நின்று பார்த்த பிள்ளைக்கு சிமிலி என்ற பெயர் பிறகு மறக்காது.

அடுத்தது, தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் மட்டும் விழும் குழி. யாரும் இதை எச்சரிப்பதில்லை. போர்வீரன் தேடும் புகழை ‘பபுள் ரெப்யுடேஷன்’ என்கிறது பாட்டு. நீர்க்குமிழிப் புகழ். நம் இலக்கணத்தில் மலர்விழி உவமைத்தொகை, விழிமலர் உருவகம் என்று மகள் படித்திருப்பாள். அந்தக் கணக்குப்படி குமிழி முன்னே, புகழ் பின்னே; ‘போன்ற’ மறைந்திருக்கிறது; ஆகவே உவமை என்று சிமிலி எழுதிவிடுவாள். அவள் சிந்தனையில் தப்பில்லை, ஆனால் விடை தப்பு. ஆங்கிலத்தில் லைக், ஆஸ் போன்ற ஒப்பீட்டுச் சொல் வெளிப்படையாக இல்லையென்றால் மெட்டஃபர் என்றே எழுதட்டும். எது முன்னே எது பின்னே என்பது அங்கே கணக்கில்லை. உலகமே நாடகமேடை, மனிதர்கள் வெறும் நடிகர்கள் என்ற தொடக்கமும் மெட்டஃபர்தான். வருகை, வெளியேற்றம், கடைசிக் காட்சி என்று அதே உருவகம் பாட்டின் முடிவு வரை நீள்கிறது.

அப்புறம் அலிட்டரேஷன். இதில் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும். நம் மோனை மாதிரிதான். ஆனால் தமிழில் எழுத்தைப் பார்த்தே பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம், ஆங்கிலத்தில் முடியாது. அங்கே கண்ணை நம்பக்கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும். ‘கிங்’, ‘நைட்’ இரண்டும் ‘கே’ எழுத்தில் தொடங்கலாம்; வீரனைக் குறிக்கும் நைட்டில் அந்த எழுத்து ஊமை, அதனால் அலிட்டரேஷன் இல்லை. பூனையைக் குறிக்கும் ‘கேட்’, ‘கிங்’ வேறு எழுத்து, ஒரே ஒலி, அதனால் உண்டு. ‘சன்’, ‘ஷிப்’ ஒரே எழுத்து, வேறு ஒலி, கிடையாது. ‘ஒன்’ என்பது ‘ஓ’வில் தொடங்குகிறது, ஆனால் வாய் குவிந்து ‘வ’ போலத்தான் வருகிறது; ‘வின்டர்’ உடன் சேரும். பாட்டில் ‘ஷ்ரங்க் ஷேங்க்’, ‘க்விக் இன் குவாரல்’ இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மனதுக்குள் படித்தால் இது பிடிபடாது.

நான் பார்த்த ஒரு நோட்ஸில் கடைசி வரியில் ‘சான்ஸ், சான்ஸ்’ (sans, ‘இல்லாமல்’ என்று பொருள்) என்று 4 முறை வருவதை அலிட்டரேஷன் என்று அச்சடித்திருந்தார்கள். ஒரே சொல் ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் திரும்ப வந்தால் அது அனாஃபோரா. அதே நோட்ஸ், உலகம் மேடை என்பது ஷேக்ஸ்பியரின் தத்துவம் என்றும் எழுதியிருந்தது. இது ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஜேக்வீஸ் என்ற பாத்திரம் பேசும் வசனம். எதையும் கசப்போடு பார்க்கும் ஆள் அவன். நத்தையும் குமிழியும் அவன் வாயில் வருவது அதனால்தான்.

நம் தேர்வு முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிழவனின் பழைய காலுறை ‘வெல் சேவ்ட், எ வேர்ல்ட் டூ வைட்’ என்ற வரியில் ‘வ’ ஒலி மூன்று முறை வருகிறது, அலிட்டரேஷன். காலுக்கு ஓர் உலகம் அளவு தொளதொள என்பது ஹைப்பர்போலி. இரண்டும் சரி. ஆனால் விடைக்குறிப்பில் ஒரு பெயர்தான் அச்சாகியிருந்தால், இன்னொன்றைச் சரியாகப் பிடித்த பிள்ளைக்குப் பூஜ்யம். அணி எதற்கு வந்தது என்று கேட்காமல் பெயரை மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். கேள்வி தயாரிப்பவர்கள் இதை எப்போது திருத்துவார்களோ.

அதுவரை மகள் செய்ய வேண்டியது: அடிக்கோடிட்ட சொற்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதட்டும். முழு வரியும் கொடுத்து இரண்டு அணி தெரிந்தால், இரண்டையும் அந்தந்தச் சொல்லோடு சேர்த்து எழுதட்டும். பொதுத் தேர்வில் அப்படியும் மதிப்பெண் குறைந்தது போலத் தோன்றினால், நேராக மறுமதிப்பீட்டுக்கு ஓட வேண்டாம். முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அவளுடைய ஆங்கில ஆசிரியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.