ஐசியு சிகிச்சை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

டாக்டர், அப்பாவுக்குக் கடுமையான நிமோனியா. வென்டிலேட்டரோடு குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்க்கவே பதறுகிறது. மூச்சு முட்டாதா?

முட்டாது, அம்மா. மூச்சு கிடைக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. நீர் கோத்துக் கனத்துப்போன நுரையீரலோடு ஒருவர் மல்லாந்து கிடந்தால், அந்தக் கனமும் இதயத்தின் எடையும் பின்பக்கக் காற்றறைகளை அழுத்தி மூடிவிடும். ரத்தம் அங்கே பாயும், ஆனால் காற்று இருக்காது. குப்புறப் போட்டால் அந்த அறைகள் திறந்துகொள்ளும்.

பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ‘ப்ரோசிவா’ ஆய்வில், மல்லாந்து இருந்தவர்களில் 32.8 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர். எங்கள் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஆனால் இது ஆக்சிஜன் மிகவும் இறங்கிப்போன நோயாளிகளுக்குத்தான், எல்லோருக்கும் இல்லை.

திருப்புவதற்கு நான்கைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவருக்கு ட்யூப் நழுவாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே வேலை. கண்களை மூடி டேப் ஒட்டுவார்கள், கன்னம் புண்ணாகாமல் மெத்தை வைப்பார்கள். அப்பாவின் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மறுபடி மல்லாத்தியதும் மெல்ல வடிந்துவிடும்.

மேடம், நான் ஸ்டாஃப் நர்ஸ். ஹீமோகுளோபின் 8 இருக்கும் நோயாளிக்கு ரத்தம் ஏற்றச் சொல்லி வீட்டார் கெஞ்சுகிறார்கள். டாக்டர் வேண்டாம் என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

‘நாங்கள் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை’ என்று முதலில் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். கனடாவில் 838 பேரிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு, 10-க்குக் கீழே போனாலே ஏற்றப்பட்டவர்களைவிட எந்தக் கெடுதலும் வரவில்லை. ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவர், மாரடைப்பு வந்தவர் இருவர் விஷயமும் வேறு. அங்கே 8 என்பது போதாமல் போகலாம்.

சுகர் 160 காட்டுகிறது, கண்டுகொள்ளாமல் இருக்கிறார்களே?

கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள். 2009-இல் வெளியான ‘நைஸ்-சுகர்’ ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சுகரை 81-க்கும் 108-க்கும் நடுவே இழுத்துப் பிடித்த பிரிவில் 27.5 சதவீதம் பேரும், 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்ட பிரிவில் 24.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். மயக்க மருந்தில் இருப்பவருக்குச் சுகர் இறங்கினால் ‘படபடப்பாக இருக்கிறது’ என்று சொல்லக்கூட வாய்ப்பில்லை.

ஹவுஸ் சர்ஜன் நான். செப்சிஸில் (கிருமித்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) பிரஷர் இறங்கினால் எத்தனை லிட்டர் சலைன் போடலாம் மேடம்?

லிட்டர் கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள், தம்பி. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ‘ஃபீஸ்ட்’ ஆய்வு 2011-இல் வந்தது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3. நல்லது என்று நம்பி ஏற்றியதே உயிரை எடுத்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் போகவில்லை. வென்டிலேட்டர் வசதி அரிதான மருத்துவமனைகள் அவை. அந்தக் கணக்கைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. பெரியவர்களிடம் நடந்த ‘கிளாசிக்’ ஆய்வில் (2022) திரவத்தைக் குறைத்ததால் உயிரிழப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்புறம் எதைப் பார்ப்பது? விரலைப் பாருங்கள். நோயாளியின் விரல் நுனியில் ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்து, வெளுக்கும்வரை அழுத்திப் பத்து வினாடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் இன்னும் சரியாகவில்லை. தென் அமெரிக்காவில் நடந்த ‘ஆண்ட்ரோமெடா-ஷாக்’ ஆய்வு (2019), ரத்த ஓட்டம் குன்றும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவை வைத்துச் சிகிச்சை செய்வதையும் இந்த விரல் சோதனையை வைத்துச் செய்வதையும் ஒப்பிட்டது. விரலைப் பார்த்த பிரிவில் இறப்பு 34.9 சதவீதம், மற்றதில் 43.4. புள்ளியியல்படி உறுதி என்று சொல்ல அது கொஞ்சம் போதவில்லை. இருந்தாலும் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல், செலவே இல்லாமல், அரை மணிக்கு ஒருமுறை பார்க்கலாம். லேப் வசதி குறைந்த ஊரில் வேலை செய்யப்போகும் உங்களுக்கு இது பெரிய பலம்.

வைட்டமின் சி ஊசி போடச் சொல்லலாமா?

வேண்டாம். 2022-இல் வந்த ‘லோவிட்’ ஆய்வில் செப்சிஸ் நோயாளிகளுக்கு அது பாதகமாகவே முடிந்தது.

அம்மாவுக்கு மயக்க மருந்தைக் குறைக்கிறார்கள். கண் விழித்தால் வலியில் துடிக்க மாட்டாரா?

வலி மருந்தும் மயக்க மருந்தும் ஒன்றல்ல. வலியைத் தணித்துவிட்டுத்தான் மற்றதைக் குறைப்பார்கள். சிகாகோவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி விழிக்கவிட்டவர்கள் வென்டிலேட்டரில் இருந்த நாட்கள் 7.3-லிருந்து 4.9 ஆகக் குறைந்தன. விழிக்கும்போது சிலர் குழம்பிப்போய்ச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். அம்மாவின் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்று என்ன கிழமை, யார் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கணவர் நாளை வீட்டுக்கு வருகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

உடல் பலவீனம், மறதி, கெட்ட கனவுகள் எல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம். உங்களுக்கும் தூக்கம் கெட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இது வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் பேன்டோபிரசோல் என்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறதா பாருங்கள். வென்டிலேட்டரில் இருக்கும்போது வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுக்க அது உதவும். அதற்காக மட்டும் தொடங்கியிருந்தால் வீட்டிலும் தொடர வேண்டுமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.