மழைப் பகுதியில் இரை வைத்துக் காட்டுப்பன்றி வேட்டையாட முடியுமா? இரை நனைந்து கெட்டுவிடாதா?

கெட்டால்தான் நல்லது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில், டோங்காட் ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறோம். இங்கே வருவது நம் ஊர்க் காட்டுப்பன்றி அல்ல, புதர்ப்பன்றி என்னும் வேறு இனம். பகலெல்லாம் புதருக்குள் படுத்துக் கிடந்து இரவில்தான் வெளியே வரும். கரும்பைத் தின்பது போதாதென்று மிதித்தும் சாய்த்துவிடும்.

மக்காச்சோளத்தை மூடிய வாளியில் தண்ணீர் விட்டு நாலைந்து நாள் ஊறவைத்தால் புளித்து நாறும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு (மொலாசஸ்) கொஞ்சம் கலந்து, முழங்கை ஆழக் குழியில் கொட்டி மண்ணால் மூடி, மேலே கனத்த மரக்கட்டையை உருட்டிவிடுங்கள். திறந்து வைத்தால் பகலிலேயே குரங்குகள் தீர்த்துவிடும். கட்டையைப் புரட்டும் வலு பன்றிக்கு உண்டு. குழி மேட்டுச் சரிவில் இருக்கட்டும். பள்ளத்தில் தோண்டினால் நீர் கட்டிப் பாகெல்லாம் கரைந்து போகும்.

உண்மையான சிக்கல் வேறு. மழையில் மண் இளகி, கிழங்கும் புழுவும் எங்கும் கிடைக்கும்போது உங்கள் சோளத்தை அது சட்டை செய்யாது. முன்கூட்டியே பழக்க வேண்டும். இங்குள்ள தமிழர் பலர் புரட்டாசி முழுக்க இறைச்சி தொடமாட்டார்கள். மழை பிடிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அந்த மாதம் துப்பாக்கியை எடுக்காமல் இரையை மட்டும் போட்டு வருவோம். நமக்கு விரதம், பன்றிக்கு விருந்து!

அதற்குக் கண் மந்தம், மூக்கு பொல்லாதது. உங்கள் பக்கமிருந்து குழியை நோக்கிக் காற்று திரும்பினால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுங்கள். வெளிச்சத்துக்குச் சிவப்பு விளக்கு போதும். தூறல் காலடி ஓசையை மறைக்கும் என்பது சரிதான். ஆனால் கனமழையில் நான் சுடமாட்டேன். இரத்தத் தடம் கழுவிப் போய்விடும். சவரக்கத்தி போன்ற கோரைப் பற்களோடு காயம்பட்டுக் கிடக்கும் பன்றியைக் கரும்புக்குள் இருட்டில் தேடுவது வேட்டையல்ல, வினை. இதயம் தாழ்வாக, முன்தள்ளி இருக்கும். முன்னங்காலை ஒட்டிக் கீழ்ப்பகுதியில் குறி வையுங்கள்.

உரிமம், நில உரிமையாளரின் அனுமதி, மாகாண விதிகள் எல்லாம் முதலில். இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம்.

சுட்ட பன்றியின் குடலை ஆழப் புதையுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி புதர்ப்பன்றியின் உடலில் நோய்க்குறி காட்டாமலே இருக்கும். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் அக்கம்பக்கத்தில் யாராவது பன்றி வளர்த்தால் அவருடைய கொட்டில் காலியாகிவிடும்.